கோடைமலைப் பெயர்கள் சொல்லும் வரலாறு

ஓர் ஊரின் பழமையை அறிய விரும்புவோர் முதலில் கல்வெட்டுகளைத் தேடுவர். செப்பேடுகளையும் ஓலைகளையும் புரட்டுவர். சமவெளிக்கு இம்முறை நன்கு பொருந்தும். மலைநாட்டில் எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. அங்கே வாழ்ந்தோர் தம் வரலாற்றைக் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஆயினும் குன்றுக்கும் ஓடைக்கும் சோலைக்கும் அவர்கள் பெயரிட்டார்கள். அப்பெயர்களைத் தம் மக்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதப்படாத வரலாற்றுக்கு அப்பெயர்களே ஏடுகள்.

இந்த எண்ணத்தோடு பழனி மலைத்தொடரின் உச்சியில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானல் ஏரிப்பகுதியைச் சற்றே சுற்றி வருவோம். கோடை விடுமுறையில் அங்குச் செல்வோரில் பலர், அந்த ஏரி மலை தோன்றிய நாள் முதல் அங்கேயே இருப்பதாக எண்ணுகின்றனர். அது பிறந்தது 1863ஆம் ஆண்டில். அதற்கு முன் அங்கே ஓடைகள் பாயும் சதுப்பு நிலமே இருந்தது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த சர் வீர் லெவிஞ்ச் என்பவர் ஓடைக்குக் குறுக்கே கரை எழுப்பியதால் ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புடைய நீர்நிலை உருவாயிற்று. ஏரி இளையது, அதைச் சுற்றியுள்ள பல பெயர்களோ மிக மூத்தவை.

கொடையா, கோடையா?

ஊரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். அரசு ஆவணங்களில் 'கொடைக்கானல்' என்று காண்கிறோம். 'கோடைக்கானல்' என எழுதுவோரும் பலர். கோடைக்காலத்தில் நாடிச் செல்லும் கானல் என்பது ஒரு விளக்கம். காடு தந்த கொடை என்பது மற்றொன்று. 'கொடிக்கானல்', அதாவது கொடிகள் அடர்ந்த காடு, என்பதே திரிந்தது என்பாரும் உளர்.

சங்க இலக்கியத்தில் பயிற்சியுடையோர் இன்னொரு வழியைக் காட்டுவர். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் பாடிய கடிய நெடுவேட்டுவன் என்னும் தலைவன் கோடைமலைக்கு உரியவன். அகநானூற்றில் வரும் பண்ணி என்பவனும் கோடைப் பொருநன் என்றே குறிக்கப்படுகிறான். அந்தக் கோடைமலையே இந்த மலை எனக் கொண்டால், ஊர்ப்பெயரின் முற்பகுதி ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை உடையதாகும்.

குறிலா நெடிலா என்னும் ஐயத்தைப் பழைய ஓலைகளைக் கொண்டு தீர்க்க இயலாதா எனக் கேட்கலாம். ஒகரத்திற்குப் புள்ளியிட்டு ஓகாரத்திலிருந்து வேறுபடுத்துவது இலக்கண விதி. ஆனால் ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். 'கொடை' என்பதும் 'கோடை' என்பதும் ஓலையில் ஒன்றுபோலவே இருக்கும். இந்தக் குழப்பம் நீங்க, எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் தெளிவாகப் பிரித்து எழுத வழி செய்தவர் நம் வீரமாமுனிவரே. அவர் 1747இல் மறைந்தார். அவர் காட்டிய முறை பரவுவதற்கு முன் எழுதப்பட்ட ஏட்டில் இப்பெயரைக் கண்டாலும், வாயால் சொல்லக் கேட்டாலன்றி நாம் முடிவு கூற இயலாது. ஆங்கில எழுத்திலோ குறிலும் நெடிலும் ஒன்றே. ஆகவே வழக்கு இன்றும் நிலுவையில் இருக்கிறது.

பெயரின் பிற்பகுதியில் இத்தகைய ஐயம் இல்லை. 'கானல்' என்றவுடன் நமக்குக் கானல்நீர் நினைவுக்கு வரும். கடற்கரை வாழ் மக்களுக்கோ கானல் என்பது கரையோரச் சோலை. சிலப்பதிகாரத்தின் கானல்வரி அதனால் பெயர் பெற்றது. மலைச்சார்பில் அமைந்த சோலைக்கும் அச்சொல் வழங்கியது. கொடைக்கானலுக்கு அருகிலேயே வட்டக்கானல் இருப்பதும் இதற்குத் துணை நிற்கிறது. கடற்கரையில் புன்னையும் தாழையும் செறிந்த இடத்திற்கு இட்ட பெயரையே, மேகம் தவழும் மலைக்காட்டிற்கும் தமிழன் இட்டான். முத்துக்குளித்துறையில் பிறந்தவரும் பழனிமலையில் பிறந்தவரும் ஒரே சொல்லால் தம் நிழலை அழைத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பழனியும் பன்றிமலையும்

மலைத்தொடருக்குப் பெயர் தந்தது அடிவாரத்துப் பழனி. கனி கிடைக்காமல் சினந்து சென்ற முருகனிடம் 'பழம் நீ' என்று கூறியதால் பழனி ஆயிற்று என்னும் கதையை அறியாத தமிழர் இல்லை. அகநானூற்றின் முதற்பாட்டோ ஆவியர் குலத்துத் தலைவனுக்குரிய ஊரைப் 'பொதினி' என்கிறது. பொதினியே பழனி எனத் திரிந்தது என்று அறிஞர் பலர் கருதுவர். வயல்களைக் குறிக்கும் 'பழனம்' என்னும் சொல்லோடு இணைத்துப் பார்ப்போரும் உண்டு. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் இந்த ஆவியர் குலத்தவனே.

இதே மலைத்தொடருக்கு வராககிரி என்றொரு வடமொழிப் பெயரும் வழங்கியது. வராகம் என்பது பன்றி. தாயை இழந்த பன்னிரு பன்றிக்குட்டிகளுக்கு இறைவன் தாய்ப்பன்றியாக வந்து பாலூட்டினான் என்றும், அவை பின்னர்ப் பாண்டியனுக்கு அமைச்சர்கள் ஆயின என்றும் திருவிளையாடற் புராணம் கூறும். தாண்டிக்குடி மலைப்பகுதியில் பன்றிமலை என்னும் ஊர் இன்றும் இருக்கிறது. வராககிரி என்பது ஏட்டோடு நின்றது. பன்றிமலை என்பது பேருந்தில் பயணச்சீட்டுக் கேட்கும் பெயராக வாழ்கிறது. தாண்டிக்குடிக்கும் ஒரு கதை உண்டு. முருகன் அங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் அப்பெயர் வந்தது என்பர்.

இக்கதைகளை வரலாறு என்று கொள்ள வேண்டியதில்லை. வெறும் கற்பனை என்று தள்ளவும் வேண்டியதில்லை. சொல்லின் வேர் மறந்துபோனபோது மக்கள் தம் நம்பிக்கையிலிருந்து அதற்குப் புதிய வேர் ஒன்றைக் கொடுத்தனர். பழனியின் கதை ஊரின் தொடக்கத்தைக் காட்டாமல் இருக்கலாம். அவ்வூரை மக்கள் எவ்வாறு நேசித்தனர் என்பதைக் காட்டத் தவறுவதில்லை.

நடந்து அறிந்தவர்கள் வைத்த பெயர்கள்

மலையில் வெகுகாலமாக வாழ்பவர்கள் பளியரும் புலையரும் ஆவர். பின்னர்ச் சமவெளியிலிருந்து ஏறிவந்து பயிர்த்தொழில் செய்தவர்கள் குன்னுவர் எனப்பட்டனர். கன்று என்பது பேச்சில் 'கன்னு' ஆவது போலக் குன்று 'குன்னு' ஆனது. குன்றில் வாழ்பவர் குன்னுவர் ஆயினர். வந்து குடியேறிய மக்கள், தாம் விட்டு வந்த ஊரின் பெயரால் அன்றி, ஏற்றுக்கொண்ட மலையின் பெயரால் அறியப்பட்டனர்.

இவர்கள் வாயில் வழங்கிய பெயர்களில் ஓர் ஒற்றுமையைக் காணலாம். செண்பகனூர் என்பதில் செண்பக மரம் இருக்கிறது. நீர் வளைந்து வளைந்து செல்லும் ஓடையைப் பாம்பாறு என்றனர். பூம்பாறை என்பதில் பூவும் பாறையும் ஒருங்கே நிற்கின்றன. மூஞ்சிக்கல் என்னும் பெயரில் ஒரு பாறைக்கு முகம் இருக்கிறது. பேரிஜம் செல்லும் வழியில் உள்ள அடர்ந்த காடு மதிகெட்டான் சோலை. உள்ளே புகுந்தவன் திசை தடுமாறுவான், அறிவு மயங்குவான் என்னும் எச்சரிக்கை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. வழிகாட்டிப் பலகை இல்லாத காலத்தில் பெயரே பலகையாக நின்றது. தாய் தன் மகனிடம் 'மதிகெட்டான் பக்கம் போகாதே' என்று சொன்னால் வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

குறிஞ்சியின் கதை இன்னும் வியப்பானது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கும் ஒரு செடியின் பெயர், தமிழில் மலைநிலம் முழுமைக்கும், அந்நிலத்தின் வாழ்வுக்கும், அதைப் பாடும் பாட்டுக்கும் பெயராயிற்று. பளியர் அது பூக்கும் முறைகளைக் கொண்டு தம் வயதைக் கணக்கிட்டனர் என்பர். 1936ஆம் ஆண்டில் கொடைக்கானலில் எழுந்த முருகன் கோவில் குறிஞ்சி ஆண்டவர் கோவில் எனப்படுகிறது. அதைக் கட்டியவர் இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரான ஐரோப்பிய வழிவந்த பெண்மணி. 2018இல் பூத்த குறிஞ்சி இனி 2030இல் பூக்கும். பூ பன்னிரண்டு ஆண்டுகள் மறைந்திருந்தாலும் பெயர் ஒரு நாளும் மறைவதில்லை.

தலைவர்களின் பெயர்களும் சுமந்தவர்களின் தோள்களும்

1821ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கிலப் படைத்துறை அளவையர் பெரியகுளம் பக்கமிருந்து ஏறி, வெள்ளகவி என்னும் சிற்றூரில் தங்கி இம்மலையை அளந்தார். 1845இல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைத்தூதர்கள் இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியின் வெப்பமும் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களுடைய குடும்பங்களில் பல உயிர்களைப் பறித்திருந்தன. இன்பச் சுற்றுலாவுக்காக அன்று யாரும் இங்கு ஏறவில்லை. இறப்பிலிருந்து தப்பவே ஏறினர். அவ்வீடுகளுக்குச் சன்னிசைடு, ஷெல்டன் எனப் பெயரிட்டனர். கொடைக்கானலில் ஆங்கிலப் பெயர்களின் தொடக்கம் அதுவே.

அதன்பின் மனிதர்களின் பெயர்கள் வந்தன. 1872இல் மலைவிளிம்பில் நடைபாதை வெட்டிய கோக்கர் என்பவர் பெயரால் கோக்கர்ஸ் வாக் அமைந்தது. வத்தலக்குண்டு வழியாக மலையேறும் சாலைக்குத் தடம் வகுத்த மேஜர் லா என்பவர் பெயரால் லாஸ் காட் சாலை ஆயிற்று. 1908இல் பூங்கா அமைத்த வன அதிகாரி பிரையண்ட், பிரையண்ட் பூங்காவாக நிலைத்துவிட்டார். பேரிஜம் பகுதியில் முகாமிட்ட மேஜர் டக்ளஸ் ஹாமில்டன் நினைவாக ஓர் இடத்தைப் 'போர்ட் ஹாமில்டன்' என்றனர். கோட்டை என்ற பெயர்தான் உண்டு. மதிலோ கொத்தளமோ அங்கு இல்லை.

வெள்ளையர் வைத்த வேறு சில பெயர்களையும் காண்போம். டால்பின் நோஸ், பில்லர் ராக்ஸ், சில்வர் கேஸ்கேட் ஆகியவை உருவ ஒப்புமையால் வந்தவை. இவற்றில் டால்பின் நோஸ் குன்னூரிலும் உண்டு, விசாகப்பட்டினத்திலும் உண்டு. எங்கிருந்தோ வந்தவர்கள் தம்மிடமிருந்த சில பெயர்களைப் பல மலைகளுக்கும் பகிர்ந்து அளித்தனர். மதிகெட்டான் சோலை போன்ற பெயரை அப்படி வாரி வழங்க முடியாது. அங்கே நடந்து, வழி தவறி, திரும்பி வந்தவனே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு தமிழ்ச் சொல் மட்டும் எதிர்த்திசையில் பயணம் செய்தது. 'சோலை'யை ஆங்கிலேயர் 'ஷோலா' என்றனர். இன்று உலகத் தாவரவியல் நூல்கள் தென்னிந்திய மலைக்காட்டினத்தை அப்பெயராலேயே குறிக்கின்றன. கரடிச்சோலை 'பேர் ஷோலா' ஆனது. நம் பிள்ளைகள் அச்சொல்லை வேற்றுமொழிச் சொல் என்றெண்ணி 'ஷோலாக் காடுகள்' என்று எழுதுகிறார்கள். சோலைக் காடுகள் என்று எழுதினால் பொருள் குறையப் போவதில்லை.

இங்கே நாம் நின்று எண்ண வேண்டிய ஒன்று உண்டு. திருச்சி மதுரை இருப்புப்பாதை 1875இல் திறக்கப்பட்டபின், கொடைக்கானல் செல்வோர் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கினர். அந்நிலையமே பின்னாளில் 'கொடைக்கானல் ரோடு' எனப் பெயர் மாறியது. அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புக்குச் சென்று, அதன்பின் செங்குத்தான மலைப்பாதையில் ஏறினர். நடக்க இயலாத துரைமாரையும் துரைசானிகளையும் குழந்தைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்துத் தூக்கிச் சென்றவர்கள் ஏழைத் தமிழர்கள். அவர்கள் தலையிலும் தோளிலும் ஏறித்தான் கட்டில்களும் பெட்டிகளும் மலை சேர்ந்தன. 1916இல் வண்டிச்சாலை திறக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. ஒரு கிலோமீட்டர் நடைபாதைக்கு ஒருவர் பெயர் கிடைத்தது. இந்த நெடும் பாதைக்கோ 'கூலிகள் பாதை' என்றே ஆங்கிலேயர் பெயரிட்டனர். அதில் ஒருவர் பெயரும் இல்லை. ஆயினும் அந்த ஒரு சொல்லாவது, மலைநகரம் யாருடைய முதுகில் ஏறி வந்தது என்பதைச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

லெவிஞ்சின் பெயருக்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. ஊரின் உயிராகிய ஏரியைத் தம் பணத்தையும் செலவிட்டு உருவாக்கியவர் அவர். ஆனால் லெவிஞ்ச் ஏரி என்று மக்கள் யாரும் சொல்வதில்லை. 'ஏரி' என்றே சொல்கிறார்கள். தமிழில் அச்சொல் தானாகத் தோன்றிய நீர்நிலையைவிட, கரை கட்டி நீரைத் தேக்கிய நிலைக்கே சிறப்பாக உரியது. ஆகவே கட்டியவரின் பெயரைச் சொல்லாவிட்டாலும், ஒருவர் கட்டினார் என்ற உண்மையை அச்சொல் ஒளிக்கவில்லை. மிகுதியாகக் கொடுத்தவர் தம் பெயரைப் பதிக்காமலே சென்றார். கொடை என்னும் சொல் ஊர்ப்பெயருக்கு வேராக இல்லாவிடினும், ஏரிக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஆல்ப்ஸ் மலையிலிருந்து வந்த பெயர்

இம்மலையில் நம் உள்ளத்துக்கு நெருங்கிய பெயர் சலேத். பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்னும் சிற்றூர் உள்ளது. 1846 செப்டம்பர் 19ஆம் நாள், மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி என்னும் சிறுமிக்கும் மாக்சிமின் என்னும் சிறுவனுக்கும் அங்கே அன்னை மரியா அழுத கண்களோடு காட்சி தந்தார். முதலில் பிரெஞ்சு மொழியில் பேசிய அன்னை, பிள்ளைகளுக்கு அது நன்கு விளங்கவில்லை என்று கண்டு, அவர்களுடைய மலைநாட்டுப் பேச்சுமொழியிலேயே தொடர்ந்தார் என்று அவர்கள் சொன்னார்கள். 1851இல் கிரெனோபிள் ஆயர் அக்காட்சியை ஏற்று அறிக்கை வெளியிட்டார்.

பிரான்சிலிருந்து மதுரை மறைத்தளத்திற்கு வந்த இயேசு சபைக் குருக்களில் பலர் இளமையிலேயே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாயினர். எஞ்சியோர் உடல் தேறக் கொடைக்கானலை நாடினர். அவர்களுள் ஒருவரான லூயி சேன் சீர் அடிகளார் 1863 முதல் 1866 வரை அங்கே ஒரு கோவிலைக் கட்டி, அதற்குச் சலேத் அன்னையின் பெயரைச் சூட்டினார். காட்சி நிகழ்ந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தாய்நாட்டு மலையின் பெயரை, தம்மை ஏற்றுக்கொண்ட மலையில் அவர் நட்டார். கோவிலும் ஏரியும் ஒரே ஆண்டில் தொடங்கியவை என்பதும் நினைக்கத்தக்கது.

நம் மக்கள் அப்பெயரை ஏற்றுக்கொண்ட விதம் இனியது. பிரெஞ்சு மொழியில் 'லா' என்பது பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டு. தமிழுக்கு அது வேண்டியதில்லை. மக்கள் அதைத் தாமே உதிர்த்துவிட்டு 'சலேத் மாதா' என்றனர். பிள்ளைகளின் பேச்சுமொழிக்கு இறங்கி வந்த அன்னையின் பெயர், இம்மலையில் தமிழர் நாவுக்கும் இறங்கி வந்தது. ஆகஸ்டுத் திங்களில் நடைபெறும் திருவிழாவில் மாதாவைப் பெயர் சொல்லி அழைப்போர் யாரும் அதை அயல்மொழிப் பெயராக உணர்வதில்லை. 1895இல் இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியை நிறுவியபோது, அது நின்ற ஊரின் செண்பக மரப் பெயர் மாறவில்லை. செண்பகனூர் என்றே அக்கல்லூரி தமிழகமெங்கும் அறியப்பட்டது. புதிய பெயர் வரவேண்டுமானால் பழைய பெயர் போக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

நம் கண்முன் மாறும் பெயர்கள்

பெயர் மாற்றம் பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. தூண்பாறைகளுக்கு அருகிலுள்ள ஆழமான குகைகளை ஆங்கிலேயர் 'சாத்தானின் சமையலறை' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். 1991இல் 'குணா' திரைப்படம் அங்குப் படமாகி வெளிவந்தபின் அது குணா குகை ஆயிற்று. 2024இல் வந்த மலையாளப் படம் ஒன்று அப்பெயரை மேலும் உறுதியாக்கிவிட்டது. ஆங்கிலேயருக்கும் முன் அவ்விடத்தை அறிந்திருந்த மலைமக்கள் அதை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று கேட்பவர் அரிது.

நல்ல மாற்றமும் உண்டு. ஆழமான பள்ளத்தாக்கை நோக்கும் ஒரு விளிம்பு 'தற்கொலை முனை' எனப் பெயர் பெற்றிருந்தது. இன்று அது பசுமைப் பள்ளத்தாக்கு எனப்படுகிறது. மனம் உடைந்த ஒருவனை அழிவுக்கு அழைப்பது போன்ற பெயரை நீக்கி, கண்ணுக்கு எட்டும் பசுமையின் பெயரை வைத்தது இரக்கமுள்ள செயல். எல்லாப் பழைய பெயர்களையும் காக்க வேண்டும் என்பது நம் வாதம் அன்று. எந்தப் பெயர் யாரை மறைக்கிறது, யாரை வாழவைக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே.

திருநூல் இதில் நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. யாக்கோபு கனவில் ஏணியைக் கண்ட இடத்திற்குப் பெத்தேல் எனப் பெயரிட்டார். அதைக் கூறும் தொடக்கநூல், அந்நகருக்கு முன்பு லூசு என்னும் பெயர் இருந்ததையும் உடனே குறித்து வைக்கிறது. இறைவனின் இல்லம் என்னும் உயர்ந்த பெயர் கிடைத்த பின்னும், முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் சொன்ன பெயரைத் திருநூலாசிரியர் அழிக்கவில்லை.

நாமும் இதைச் செய்யலாம். பழைய பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளிலும் திருமணப் பதிவேடுகளிலும், அரசு வரைபடங்களில் இடம்பெறாத சிற்றூர்களின் பெயர்கள், மக்கள் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கும். பெற்றோரின் ஊர் எது என்று கேட்டு எழுதிய குருவும் உபதேசியாரும் தாம் அறியாமலே ஊர்ப்பெயர் ஆய்வுக்குத் தொண்டு செய்தனர். மலைப்பங்குகளில் உள்ள இளைஞர்கள், முதியவர்களோடு அமர்ந்து, இந்த ஓடைக்கும் அந்தப் பாறைக்கும் என்ன பெயர் என்று கேட்டு எழுதி வைத்தால் பெரும் பணியாகும். ஒரு முதியவர் மறையும்போது அவரோடு எத்தனை பெயர்கள் மண்ணுக்குள் போகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்த முறை அந்த ஏரியைச் சுற்றி நடக்கும்போது, கரை கட்டியவரை ஒரு கணம் நினைப்போம். கூலிகள் பாதையில் மூச்சு வாங்க ஏறியவர்களை இன்னும் சற்று நேரம் நினைப்போம். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தவர் அவற்றை மறப்பதில்லை என்பதே நம் நம்பிக்கை.